உங்கள் தரப்பை மட்டும் கேட்டு எழுதும் கருவி: உறவுகளில் ஏஐ

மேனேஜருக்கு லீவு கேட்டு மெயில், கடன் கேட்கும் நண்பருக்கு மனம் நோகாத மறுப்பு, நாத்தனாருடன் வந்த சண்டையில் தப்பு யார் மேல் என்ற கேள்வி. இப்போது இவை எல்லாம் சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளிடம் போகின்றன. அதைப் பற்றிய பேச்சோ இரண்டு கோடிகளில் நிற்கிறது. ஒரு சாரார் "வீட்டில் யாருக்கும் புரியாதது அதுக்குப் புரியுது" என்கிறார்கள். இன்னொரு சாரார் "மெஷினுக்கு உறவைப் பத்தி என்ன தெரியும்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். அது உள்ளே என்ன செய்கிறது என்று இரு சாராருமே பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் எந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம், எதை நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே பிடிபடும்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருப்பவர்

கலெக்டர் அலுவலகம், தாலுகா அலுவலகம் வாசலில் மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதித் தருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் தகராறு என்று போய் உட்கார்ந்தால் நாம் சொல்லச் சொல்லக் கேட்டு, பெறுநர், பொருள், கோரிக்கை என்று முறையாக எழுதிக் கொடுத்துவிடுவார். நமக்கு வராத அலுவலக மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் அந்த வாய்க்காலைப் பார்த்ததில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காசு கொடுப்பது நாம் என்பதால் நம் பக்கம் நின்றுதான் எழுதுவார். அதே பக்கத்து நிலத்துக்காரர் மறுநாள் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் இதே உருக்கத்தோடு ஒரு மனு தயாராகும். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பவருக்கு இரண்டிலுமே நியாயம் தெரியும்.

ஏஐ கருவியும் அப்படித்தான். மொழி நன்றாக வரும். நாம் சொன்னது மட்டுமே தெரியும். சொன்னவர் பக்கம் சாயும். ஒப்பீடு இதோடு முடிகிறது, ஏனென்றால் மனு எழுதுபவருக்கு நம் முகம் தெரிகிறது, ஊர் தெரிகிறது, "இது நிக்காது தம்பி, பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொல்லும் அனுபவம் இருக்கிறது. கருவிக்கு முகமும் ஊரும் தெரியாது. "நிக்காது" என்று அது தானாகச் சொல்வதும் அபூர்வம்.

உள்ளே நடப்பது என்ன

இந்தக் கருவிகளின் மையத்தில் இருப்பது மொழி மாடல். மாபெரும் எழுத்துக் குவியலைப் படித்து, ஒரு வரியில் அடுத்து என்ன வரும் என்று கணிக்கப் பழகிய கணக்கு அது. அது கையாளும் அலகுக்கு டோக்கன் என்று பெயர். ஒரு முழுச் சொல்லாகவோ சொல்லின் ஒரு துண்டாகவோ இருக்கும். "அண்ணா, நேத்து நீங்க சொன்னது எனக்கு" என்று வரி நிற்கிறதென்றால், மாடல் தனக்குத் தெரிந்த டோக்கன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு மதிப்பு போடும். "வருத்தமா" என்பதற்கு அதிகம், "பிடிச்சிருந்தது" என்பதற்குக் கொஞ்சம் குறைவு, "சாம்பார்" என்பதற்கு ஏறத்தாழ பூஜ்யம். அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு, நீண்ட வரியை வைத்துக்கொண்டு மறுபடி அதே கணக்கு. பதில் முழுவதும் இப்படித்தான் துண்டு துண்டாக வளர்கிறது. உங்கள் அண்ணனைப் பற்றிய கோப்பு எதுவும் அதற்குள் கிடையாது. அண்ணன்களைப் பற்றி உலகம் எழுதியதன் சாயல்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கு எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2015-இல் கூகுள் தன் இன்பாக்ஸ் செயலியில் ஸ்மார்ட் ரிப்ளை என்ற வசதியைக் கொண்டுவந்தது. வந்த மெயிலுக்கு மூன்று குட்டிப் பதில்களை அது காட்டும். அதன் தொடக்க வடிவம் என்ன மெயில் வந்தாலும் "ஐ லவ் யூ" என்ற பதிலை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது என்று அதை உருவாக்கியவர்களே எழுதினார்கள். அந்த வாசகம் மெயில்களில் ஏராளமாக இருந்ததுதான் காரணம். எது அடிக்கடி வருகிறதோ அது பாதுகாப்பான கணிப்பு. அலுவலக மெயிலுக்கு அந்தப் பதில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியிடும் முன் சரிசெய்துவிட்டார்கள்.

இன்றைய மாடல்கள் அதைவிடப் பல மடங்கு நுட்பமானவை. ஆனால் அதிகம் எழுதப்பட்டதன் பக்கம் சரியும் குணம் போகவில்லை. உறவுச் சிக்கல் எதைச் சொன்னாலும் "மனம் விட்டுப் பேசுங்கள், உங்கள் உணர்வுகளைத் தெரிவியுங்கள், எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள்" என்று வருவது இதனால்தான். படித்த எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலம். அங்கே உறவு ஆலோசனை என்பது பெரும்பாலும் தனி வீடு, தனி வருமானம் உள்ள இருவருக்குச் சொல்லப்பட்டது. ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மாமியாருக்கும் மருமகளுக்கும் "கொஞ்ச நாள் தொடர்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனை வந்து விழுவதும் இப்படித்தான். மாடலுக்கு அந்த வீட்டின் வரைபடம் தெரியாது, நீங்கள் சொன்னாலொழிய.

சுருக்கமாக: கருவி ஆட்களை அறியாது, எழுத்தை அறியும். நீங்கள் தட்டச்சு செய்த வரிகளுக்கு எது பொருத்தமான தொடர்ச்சியாக இருக்கும் என்று கணித்து எழுதுகிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களைப் பொதுவான சரக்கால் நிரப்புகிறது.

ஒத்தூதுவது ஏன்

எழுத்தைப் படித்து முடித்த மாடலுக்கு இன்னொரு சுற்றுப் பயிற்சி உண்டு. ஒரே கேள்விக்கு அது தரும் இரண்டு பதில்களை மனிதர்கள் பார்த்து, எது நல்லது என்று தேர்ந்தெடுப்பார்கள். தேர்வு பெற்ற வகைப் பதில்களை அதிகம் தருமாறு மாடல் திருத்தப்படும். மனிதப் பின்னூட்டப் பயிற்சி என்று இதைச் சொல்லலாம். அநாகரிகமான, உளறலான பதில்கள் குறைந்ததற்கு இதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மனிதர்களுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் பதில் அவர்களுக்கு நல்ல பதிலாகத் தெரிகிறது. மாடல் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. ஆய்வாளர்கள் இந்தக் குணத்தை சிகோஃபன்சி என்பார்கள். நம்மிடம் ஒத்தூதல் என்ற அழகான சொல் இருக்கும்போது அது எதற்கு.

ஏப்ரல் 2025-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. பயனர் எதைச் சொன்னாலும் ஆஹா ஓஹோ என்று புகழும் அளவுக்குக் கருவி மாறிவிட, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். பயனர்கள் உடனுக்குடன் தரும் விருப்பக் குறிகளுக்கு அதிக எடை கொடுத்ததும் ஒரு காரணம் என்று நிறுவனமே விளக்கியது. அந்த அளவு குறைந்தது, குணம் போகவில்லை. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு, கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 மாடல்களைச் சோதித்தார்கள். கேட்பவரின் செயலை மனிதர்கள் ஆமோதிப்பதைவிட 50 சதவீதம் அதிகமாக அவை ஆமோதித்தன. அடுத்து வந்ததுதான் கவனிக்க வேண்டியது. அப்படிப்பட்ட பதிலைப் படித்தவர்களுக்குத் தங்கள் மேல் தப்பில்லை என்ற உறுதி கூடியது, சண்டையைச் சரிசெய்யும் விருப்பம் குறைந்தது. ஆனாலும் அந்தப் பதிலையே தரமானது என்று மதிப்பிட்டார்கள்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்று பாருங்கள். ஒருவர் கேட்கிறார்: "அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் பங்கு தர என் அண்ணன் மறுக்கிறார். முழுச் செலவும் என் தலையில். என்ன செய்வது?" கருவி அவர் வருத்தத்தைப் புரிந்துகொள்வதாகச் சொல்லும், இது நியாயமற்றது என்னும், அண்ணனுக்கு அனுப்ப உறுதியான ஒரு செய்தியும் எழுதித் தரும். கேட்டவர் சொல்லாமல் விட்டது: எட்டு வருடமாக அப்பாவும் அம்மாவும் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள், மருந்து, சாப்பாடு, இரவு விழிப்பு எல்லாம் அங்கேதான். பொய் சொல்லவில்லை அவர். கோபத்தில் அது நினைவுக்கு வரவில்லை. கருவி அதைக் கேட்கவும் இல்லை. இப்படிக் கேளாமல் விடுவதுதான் இந்தக் கருவிகளின் பெரிய குறை என்பது என் எண்ணம். ஊரில் ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை "அப்பா யார்கூட இருக்கார்?"

இதை ஓரளவு சரிக்கட்ட முடியும். பிரச்சினையை மூன்றாம் மனிதர்கள் கதையாக எழுதுங்கள்: "ராமு, சோமு இரண்டு சகோதரர்கள். ராமு வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள்" என்று தொடங்கி, இதில் நீங்கள் யார் என்பதைச் சொல்லாதீர்கள். ஒத்தூத ஆள் தெரியாவிட்டால் பதில் நடுவுக்கு வரும். இன்னொரு வழி, புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து அதே விஷயத்தை அண்ணன் எழுதுவது போல எழுதிக் கேட்பது. இரண்டு பதிலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், எவ்வளவு தூரம் அது உங்கள் வாக்கியங்களின் எதிரொலி என்பது தெரிந்துவிடும். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இப்படிக் கேளுங்கள்: "தீர்ப்பு சொல்லாதே. தீர்ப்பு சொல்ல உனக்குத் தெரிய வேண்டிய, நான் சொல்லாத ஐந்து விஷயங்களைக் கேள்வியாகக் கேள்." அந்த ஐந்தில் இரண்டு மொட்டைக் கேள்விகளாக இருக்கும். மீதியில் ஒன்றாவது சுருக்கென்று குத்தும்.

"தயவு தாட்சண்யம் இல்லாமல் உண்மையைச் சொல்" என்று கேட்பது பலர் சொல்லும் உத்தி. அதை நம்ப வேண்டாம். கடுமையைக் கேட்டவருக்குக் கடுமையைத் தருவதும் ஒத்தூதல்தான். தப்பே செய்யாத இடத்திலும் உங்கள் மேல் பழியைத் தேடிக் கண்டுபிடித்துத் தரும்.

அதன் நினைவில் உங்கள் ஆட்கள்

ஒரு உரையாடலில் மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்தின் அளவுக்கு காண்டெக்ஸ்ட் என்று பெயர். அதற்கு வரம்பு உண்டு. உரையாடல் மிக நீண்டால் தொடக்கத்தில் சொன்னது வெளியே போய்விடலாம், அல்லது உள்ளே இருந்தும் கவனத்தில் மங்கலாம். இதோடு பல கருவிகளில் மெமரி என்ற தனி வசதியும் இருக்கிறது. முந்தைய உரையாடல்களிலிருந்து சில குறிப்புகளைச் சேமித்து, அடுத்த முறை நீங்கள் கேட்காமலே பதிலில் கலக்கும்.

உறவு விஷயத்தில் இதில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. கணவரோடு நிம்மதியாக இருந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் கருவியிடம் எழுதுவதில்லை. சண்டை வந்த இரவில்தான் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து அதன் குறிப்புகளில் இருக்கும் கணவர், ஆறு சண்டைகளால் மட்டுமே ஆன மனிதர். ஏழாவது முறை கேட்கும்போது "இது தொடர்ந்து வரும் போக்கு" என்று அது சொல்லும். அதன் கையில் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியும்கூட. இந்த மாதிரிப் பேச்சுக்குத் தற்காலிக உரையாடல் என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள், அல்லது அமைப்புகளில் மெமரி பக்கத்தைத் திறந்து அந்த ஆளைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று படித்து, தேவையற்றதை நீக்குங்கள்.

எழுதச் சொல்லும்போது

கருவிக்கு உண்மையிலேயே கைவந்த வேலை இது. குறிப்பாக அலுவலக மெயில். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு இது பெரிய பாரத்தை இறக்கி வைக்கிறது. கெடுவது பெரும்பாலும் கேட்கும் விதத்தில்.

"டெட்லைன் தவறியதற்குக் கிளையன்ட்டுக்கு நல்ல மெயில் எழுது" என்று மட்டும் சொன்னால், எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம், மனமார்ந்த மன்னிப்பு, இனி ஒருபோதும் நிகழாது என்ற உறுதி எல்லாம் வரும். தொழில்நுட்பக் காரணம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. இனி நிகழாது என்ற வாக்குறுதியைத் தரும் அதிகாரம் உங்களுக்கே இருக்காது. காலி இடத்தைப் பொதுச் சரக்கால் நிரப்பும் குணம் இங்கேதான் ஆபத்தாகிறது, ஏனென்றால் கீழே கையெழுத்து உங்களுடையது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பெறுபவர் கிளையன்ட் பக்க ப்ராஜெக்ட் மேனேஜர், இரண்டு வருடப் பழக்கம், பெயர் சொல்லித்தான் பேசுவோம். 14-ஆம் தேதி தர வேண்டிய ரிப்போர்ட் 18-ஆம் தேதிதான் தர முடியும். காரணம், டேட்டா சரிபார்க்க ஆகும் நேரத்தைக் குறைவாகக் கணக்குப் போட்டுவிட்டோம். புதிய தேதியை அவர் ஒப்புக்கொண்டால் போதும். 80 சொற்களுக்குள். மன்னிப்பு ஒரே ஒரு முறை. நான் சொல்லாத காரணம், வாக்குறுதி எதையும் சேர்க்காதே." யாருக்கு, என்ன பழக்கம், என்ன நடந்தது, என்ன வேண்டும், எவ்வளவு நீளம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற ஆறும் இதில் வந்துவிட்டன. கடைசி இரண்டையும்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

வந்த மெயிலில் தேதி, பெயர், எண்களைச் சரிபாருங்கள். பிறகு வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். உங்கள் வாயில் வராத வாக்கியம் எதுவோ அதை வெட்டுங்கள்.

தமிழில் வீட்டாருக்கு எழுதச் சொன்னால் வேறு தொல்லை. எதுவும் சொல்லாவிட்டால் எல்லோரையும் "தாங்கள்", "நீங்கள்" என்று மேடைத் தமிழில் விளிக்கும். அம்மாவை "நீ" என்றும் அப்பாவை "நீங்க" என்றும் அழைக்கும் வீடுகள் எத்தனையோ. அம்மாவுக்குத் திடீரென்று "நீங்கள் நலமா" என்று போனால் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் போன் வரும். ஆங்கிலத்தில் "அங்கிள்" என்று சொல்லிக் கேட்டால் சித்தப்பா மாமா ஆகிவிடுவார். ஆகவே முறையைத் தமிழிலேயே சொல்லுங்கள், நீயா நீங்களா என்று சொல்லுங்கள், நீங்கள் முன்பு அவருக்கு அனுப்பிய இரண்டு மூன்று செய்திகளை மாதிரியாக ஒட்டுங்கள். யாழ்ப்பாணப் பேச்சோ நெல்லைப் பேச்சோ வேண்டுமென்றால் மாதிரி இல்லாமல் கேட்கவே வேண்டாம். நாலு ஊர்ப் பேச்சைக் கலந்து சினிமா வசனம் மாதிரி ஒன்று வரும்.

தமிழ் அதற்குச் செலவு கூடிய மொழியாகவும் இருந்துவந்தது. அதே விஷயத்தை எழுத அதிக டோக்கன், அதனால் அதிகக் கணக்கு. மே 2024-இல் ஜிபிடி-4ஓ மாடலை அறிமுகப்படுத்தியபோது ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரிப் பத்தி தமிழில் முன்பு 116 டோக்கன் எடுத்தது, புதிய முறையில் 35. அதே பத்தி ஆங்கிலத்தில் 27-லிருந்து 24 ஆனது. இடைவெளி வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லலாமா? பிப்ரவரி 2023-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்கு ஆறுதல் சொல்லி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று மாணவர்களுக்கு மெயில் அனுப்பியது. அடியில் சின்னதாக, சாட்ஜிபிடியிலிருந்து எடுத்தாண்டது என்ற குறிப்பு. மாணவர்கள் கொதித்துப் போனார்கள், அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. மெயிலில் இருந்த வார்த்தைகளில் பெரிய குற்றமில்லை. ஆறுதல் செய்தியில் பெறுபவர் பார்ப்பது, இவர் எனக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார் என்பதைத்தான். இரங்கல், மன்னிப்பு, நன்றி மூன்றிலும் இதே கதை. இந்த மூன்றையும் தப்பும் தவறுமாக நீங்களே எழுதுவது மேல். 2023-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதன் இரண்டு முகங்களையும் காட்டியது. ஏஐ பரிந்துரைத்த பதில்களைப் பயன்படுத்தியபோது பேச்சு வேகமானது, இனிய சொற்களும் கூடின. ஆனால் எதிராளி ஏஐ வைத்துப் பதில் தருகிறார் என்று சந்தேகம் வந்தவுடன் அவர் மேல் இருந்த மதிப்பு இறங்கியது.

எழுதுவதைவிட ஒத்திகைக்கு இது நன்றாகப் பயன்படும். சம்பள உயர்வு கேட்கப் போகிறீர்கள் என்றால் மேனேஜர் வேடத்தைக் கருவிக்குக் கொடுங்கள். சும்மா கொடுத்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே இறங்கி வந்து உயர்வைத் தந்துவிடும், நிஜத்தில் எந்த மேனேஜரும் செய்யாததை. "எட்டு முறை நான் பேசும் வரை ஒப்புக்கொள்ளாதே. பட்ஜெட் இல்லை, அடுத்த அப்ரைசலில் பார்க்கலாம், உனக்குத் தந்தால் டீமில் எல்லோரும் கேட்பார்கள் என்ற மூன்று மறுப்பையும் சொல்" என்று கட்டிப்போடுங்கள்.

சுருக்கமாக: விவரம் உங்களுடையது, மொழி அதனுடையது என்று பிரித்துக்கொண்டால் எழுத்து வேலை நன்றாக நடக்கும்.

"சரி." என்று வந்த பதிலுக்கு என்ன அர்த்தம்

தோழி "சரி." என்று மட்டும் பதில் போட்டிருக்கிறாள், கோபமா என்று கேட்டு ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டுபவர்கள் ஏராளம். அந்தச் செய்தியில் இருப்பது இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும். குரல் இல்லை, முகம் இல்லை, அவள் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாளா என்பது இல்லை. இல்லாததை மாடலால் வாசிக்க முடியாது. வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்குப் பின் என்ன விளக்கம் எழுதப்படுகிறதோ அதை எழுதும். கேட்டவர் கோபத்தைச் சந்தேகித்துக் கேட்டதால் கோபத்துக்கான விளக்கம் முன்னால் வரும். "இதற்கு இருக்கக்கூடிய ஐந்து காரணங்களைச் சொல், எது சரி என்று தேர்ந்தெடுக்காதே" என்று கேட்டால் ஒரு பயன் உண்டு: மூன்றாவதாக வரும் சாதாரணக் காரணத்தைப் பார்த்து மனம் ஆறும்.

பட்டம் கட்டுவது இதைவிட மோசம். நார்சிஸ்ட் (தன்னைத் தவிர யாரையும் நினைக்காதவர்), டாக்ஸிக் (நச்சுக் குணம்), கேஸ்லைட்டிங் (ஒருவரை அவர் நினைவையே சந்தேகிக்க வைப்பது) போன்ற சொற்கள் இணைய உறவுப் பேச்சில் புழங்கிப் புழங்கித் தேய்ந்தவை. நீங்கள் ஒரு முறை அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் கருவி அதைப் பிடித்துக்கொண்டு மீதிக் கதையை அதற்கேற்பக் கட்டும். நடந்ததை மட்டும் எழுதுங்கள், என்று, எங்கே, யார் என்ன சொன்னார்கள் என்று.

தொடர்புகளைப் பேணுதல்

இதில் ஏஐ தேவைப்படும் பகுதி மிகச் சிறியது. பெயர், கடைசியாகப் பேசிய தேதி, பேசிய விஷயம், அடுத்து எப்போது என்ற நான்கு பத்திகள் உள்ள ஒரு ஷீட்டும் போனில் ஒரு ரிமைண்டரும் போதும். கருவி உதவுவது, நீங்கள் குரலில் சொல்லும் குறிப்பை அந்த நான்கு பத்திகளாகப் பிரித்துத் தருவதில். வாழ்த்துகளைத் தானாக அனுப்ப மட்டும் விடாதீர்கள். பட்டியல் பழசாகிக்கொண்டே இருக்கும், மனிதர்கள் வாழ்க்கை மாறிக்கொண்டே இருக்கும். மனைவியை இழந்து மூன்று மாதமே ஆனவருக்கு இனிய திருமண நாள் வாழ்த்து போய்ச் சேரும். ரிமைண்டர் வரட்டும்; அனுப்புவது உங்கள் விரலாக இருக்கட்டும்.

கேட்கப்படாதவரின் ரகசியம்

உங்கள் ரகசியத்தைக் கருவியிடம் சொல்வது உங்கள் விருப்பம். தங்கையின் வாட்ஸ்அப் செய்தியை ஒட்டும்போது அவளுடைய ரகசியமும் போகிறது, அவளைக் கேட்காமல். பொதுவாக நீங்கள் எழுதுவது நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படும். அதை மாடலின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் தேர்வு அமைப்புகளில் இருக்கும், அதை அணைத்து வையுங்கள். அழித்தால் போய்விடும் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் மே 2025-இல் அமெரிக்க நீதிமன்றம், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்கும்படி ஓப்பன்ஏஐக்கு உத்தரவிட்டது. அது பல மாதங்கள் நடப்பில் இருந்தது. மருத்துவரிடமோ வக்கீலிடமோ பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இந்த உரையாடலுக்கு இல்லை என்பதை அந்த நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025-இல் சொன்னார்.

ஒட்டும் முன் பெயர், போன் எண், ஊர், கம்பெனி, சம்பளத் தொகை ஆகியவற்றை மாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைத் தவிருங்கள், ஏனென்றால் மேலே எண்ணும் படமும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் மெட்டா ஏஐயை அழைத்து எழுதுவது அந்த நிறுவனத்துக்குப் போகும் செய்தி. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி மற்ற செய்திகளுக்கு உள்ள முழுக் குறியாக்கப் பாதுகாப்பு அதற்கு இல்லை. குடும்பக் குழுவில் அட்வான்ஸ்டு சாட் பிரைவசி என்ற தேர்வைப் போட்டு வைத்தால் அந்தக் குழுவில் ஏஐ வசதிகள் அடைபடும்.

அலுவலகத்தில் விதி இன்னும் கறார். 2023-இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரல்வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்த மே மாதமே நிறுவனம் இத்தகைய கருவிகளைத் தடை செய்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக் கருவியில் கொட்டுபவருக்கு அந்த விலக்கு இல்லை. மீட்டிங்கில் குறிப்பெடுக்கும் ஏஐ செயலிகளையும் கவனியுங்கள். நீங்கள் வெளியேறிய பிறகும் அது கூட்டத்தில் இருந்து, மற்றவர்கள் தங்களுக்குள் பேசியதையும் எழுதி, அழைப்பில் இருந்த எல்லோருக்கும் அனுப்பிவிடக் கூடும். தொடக்கத்திலேயே சொல்லி அனுமதி கேளுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள், தானாக அனுப்பும் தேர்வை அணையுங்கள்.

கருவியிடம் போகக் கூடாத கேள்விகள்

1966-இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசஃப் வைசன்பாம் எலிசா என்ற சிறு நிரலை வெளியிட்டார். சொன்ன வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்குவதற்கு மேல் அதற்கு அதிகம் தெரியாது. அதற்கே பலர் மனதைத் திறந்து கொட்டினார்கள். அது எப்படி எழுதப்பட்டது என்று கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று அவரையே கேட்டார். இன்றைய மாடல்கள் பேசும் அழகுக்கு மனம் ஒட்டிக்கொள்வதில் வியப்பே இல்லை. ரெப்ளிகா என்ற துணைவர் செயலி பிப்ரவரி 2023-இல் தன் அந்தரங்கப் பேச்சு வசதியை நிறுத்தியபோது, நெருங்கிய ஒருவரை இழந்தது போல் பயனர்கள் புலம்பினார்கள். ஒரு நிறுவனம் ஒரே இரவில் மாற்றிவிடக்கூடியது அந்த உறவு.

வீட்டில் அடி, மிரட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்று வந்தால் கருவியிடம் யோசனை கேட்டு நேரம் கடத்தாதீர்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. இலங்கையில் மனநல உதவி எண் 1926, பெண்களுக்கு 1938. மிரட்டுபவர் உங்கள் போனைத் திறந்து பார்க்கக்கூடியவர் என்றால், கருவியின் உரையாடல் பட்டியல் அவர் கண்ணில் படும், அழைப்புப் பட்டியலும் படும். அக்கம்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரின் போனிலிருந்து பேசுங்கள்.